பரிசு வாங்கிய சாவு

மூன்று நாடுகளில் பரிசு வாங்கிய படம் என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் தட்சணாமூர்த்தி, ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சிக்கு என்னைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார். மரக்காணத்தில் உப்பு ஆபீஸ் கிளார்க் அவர். பாண்டிச்சேரி திரைப்படச் சங்கத்தில் அன்றைக்கு அவரைச் செயலாளர் ஆக்குவதாக இருந்தார்கள். "சாவு வீட்டுக் கதையாம். உங்கப்பா போயி ஒரு மாசந்தானே ஆவுது, உனக்கும் மனசுக்கு எதமா இருக்கும்" என்றார்.

படத்தில் ஒரு கிழவர் செத்துப்போகிறார். மகன், மகள், மருமகள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். உட்கார்ந்தே இருக்கிறார்கள். மகள் ஜன்னலைப் பார்க்கிறாள். நானும் அந்த ஜன்னலை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? ஒருத்தரும் அழவில்லை, ஒருத்தருக்கும் ஒரு வேலை இல்லை. எனக்குக் கொட்டாவி வந்தது. அப்புறம் கோபம் வந்தது.

வெளியே டீ கொடுத்தார்கள். படத்தின் மௌனத்தைப் பற்றி ஆளாளுக்கு உருகினார்கள். சங்கத் தலைவர் சக்கரபாணி என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, எப்படி இருந்துச்சு?" என்றார். என் வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். அவருக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமே இல்லீங்க படத்துல. எங்கப்பா செத்த அன்னிக்கு வானம் கருத்துக்கிச்சு. பாத்தியில ஒரு வாரத்து உப்பு வெளஞ்சு கெடக்குது. மழை வுழுந்தா அத்தனையும் தண்ணி. பக்கத்து வூட்டு ரம்ஜான் பீவிய அப்பாகிட்ட உக்கார வச்சிட்டு, எங்கம்மா எங்க எல்லாரையும் உப்பு வார இட்டுனு போயிட்டாங்க. அழுதுகினேதான் வாரினோம். குமிச்சி, கீத்து போட்டு மூடிட்டு, கால்ல உப்போட வந்துதான் அவர குளிப்பாட்டினோம்."

ஊரே காறித் துப்பிய கதை இது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் மட்டும் பாத்தியில் இறங்காமல் வரப்பிலேயே நின்றார். ஆபீசில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது எல்லோரும் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செயலாளர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பஸ் கூனிமேடு தாண்டியதும் வாயைத் திறந்தார். "அத அங்க சொல்லணுமா வசந்தா?"

"செஞ்சததான சொன்னேன். எனக்கு வெக்கமில்ல."

மரக்காணம் நெருங்கும்போது கடல் பக்கம் மேகம் திரண்டிருந்தது. எங்கள் பாத்தியில் அம்மா தனியாகப் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினேன். செருப்பை வரப்பில் விட்டு, பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் கால் வைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். சங்கத்துக்கென்று வாங்கிய புது பூட்சோடு வரப்பில் நின்றிருந்தார். முதல் தூறல் விழுந்தது. குனிந்து, பூட்ஸ் கயிற்றின் முடிச்சில் கை வைத்தார்.