ஊர் சுற்றி வந்த டப்பா

யூதர்களின் பூரிம் பண்டிகையன்று பெர்லாவின் சாப்பாட்டு மேசையில் ஒரு கரண்டி வைக்க இடமில்லை. கண்ணாடித் தாள் சுற்றிய கூடைகள், ஒயின் புட்டிகள், தெருமுனை பேக்கரியின் கேக்குகள். அன்றைக்கு ஒருவருக்கொருவர் தின்பண்டம் அனுப்ப வேண்டும் என்பது வேதத்தின் கட்டளை. வந்ததற்கு ஒரு படி மேலாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது வில்லா கிரெஸ்போ பேட்டைப் பெண்களின் கட்டளை. இரண்டாவதை மீற இன்றுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

பெர்லா ஜெப ஆலயத்தின் மாதர் குழுத் தலைவி வேறு. அனுப்ப வேண்டியதையெல்லாம் அனுப்பி முடித்து, அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தபோதுதான், குழுவில் இளையவளான அலெக்ராவின் டிரைவர் மணியடித்தார். கையில் பெரிய கூடை. அலெக்ராவின் ஞாபகமே பெர்லாவுக்கு வந்திருக்கவில்லை. அந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் சாயங்காலத்துக்குள் ஊர் சிரித்துவிடும்.

அவசரமாக மேசையைத் துழாவினாள். நீலத் துணியால் கட்டிய ஒரு பழைய பிஸ்கட் டப்பா தட்டுப்பட்டது. எஸ்ட்ரெயா காலையில் கொடுத்தனுப்பியது. பெர்லாவும் அவளும் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். போன குளிர்காலத்தில் கணவர் இறந்ததும் எஸ்ட்ரெயா துணிக்கடையை மூடிவிட்டு, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஒற்றை அறைக்குக் குடிபோயிருந்தாள். டப்பாவில் ஓர் ஓரம் நசுங்கியிருந்தது. உள்ளே அவள் வழக்கமாகச் செய்யும் வால்நட் பிஸ்கட்தான் இருக்கும். வால்நட் பட்டால் பெர்லாவின் உதடு வீங்கிவிடும். எப்படியும் நான் தின்னப் போவதில்லையே என்று மனசாட்சியின் வாயை அடைத்துவிட்டு, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் டப்பாவை டிரைவரிடம் நீட்டினாள்.

மாலையில் ஜெப ஆலயக் கூடத்தில் மாறுவேட விருந்து. பல் டாக்டர் கரடி வேஷத்தில் வந்திருந்தார். பெர்லாவுக்கு ராணி வேஷம், தலையில் அட்டைக் கிரீடம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எஸ்ட்ரெயா ஏறக்குறைய ஓடிவந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஏன்டி, நான் அனுப்புன டப்பா வந்துச்சா?"

"வராம எங்க போகும்?"

"தின்னு பாத்தியா?"

"பாத்தியாவா? பிரமாதம்டி! வீட்டுல நிசிமுக்குக்கூட ஒண்ணு காட்டல. நானே உக்காந்து மொத்தத்தையும் தீத்துட்டேன்."

எஸ்ட்ரெயா அவள் முகத்தையே பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "சரிடி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அலெக்ரா வந்து காதோரம் குனிந்தாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க குடுத்த டப்பாவ அப்படியே எஸ்ட்ரெயாக்காவுக்குத் தள்ளிவிட்டுட்டேன். பாவம், தனியா இருக்காங்க, யாரு அனுப்பப் போறாங்கன்னு தோணுச்சு. மத்தியானமே போய்ச் சேந்துருச்சு."

பெர்லாவின் முகத்தில் ஈயாடவில்லை. டப்பாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டா எஸ்ட்ரெயா வந்து கேட்டாள்? முடிச்சு அவிழாமல் திரும்பி வந்த டப்பாவை! கிரீடத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பண்டிகைகள் ஒவ்வொன்றாக அவளைத் தேடி வந்து அடித்தன. பாஸ்காவுக்கு வீட்டில் ஒரு ரொட்டித் துணுக்கு இருக்கக் கூடாது என்று சோபா இடுக்கிலிருந்து கோட்டுப் பை வரை துடைத்தாள். துடைக்க வேண்டியது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? விருந்து மேசையில் அவள் கணவர் நிசிம், ‘பசித்தவர் எவரும் வந்து உண்ணட்டும்’ என்று கணீரென்று படித்தார். வருஷா வருஷம் எஸ்ட்ரெயாவும் அவள் கணவரும் உட்காரும் இடத்தில் இப்போது நிசிமின் கணக்கர் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார். எஸ்ட்ரெயாவைக் கூப்பிட்டிருக்கலாம்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? வாரங்கள் கழித்து வந்த பால் பண்டிகையில், பாலாடைக்கட்டி வடைத் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தவள், ஜன்னலோரம் எஸ்ட்ரெயாவைக் கண்டதும் தட்டோடு சமையலறைக்குத் திரும்பினாள். யூதப் புத்தாண்டில் ஆட்டுக்கொம்பு ஊதியபோது நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அடுத்து யோம் கிப்பூர், பாவமன்னிப்பு கேட்கும் நோன்பு நாள். அதனிடமிருந்து ஒளிய இடமில்லை. மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், கடவுள் குறுக்கே வர மாட்டார். பெர்லா என்ன செய்தாள்? ‘தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால்’ என்று வெள்ளைப் புறா படம் போட்ட செய்தியை வாட்ஸ்அப்பில் ஊருக்கே அனுப்பினாள். எஸ்ட்ரெயாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க பெர்லாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. நோன்பு தொடங்கும் நாளின் மத்தியானம், லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறினாள்.

எஸ்ட்ரெயா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தெரிஞ்சோ தெரியாமலோ..." என்று ஆரம்பித்தாள் பெர்லா.

"தெரிஞ்சா, தெரியாமலா?"

பெர்லா தலையைக் குனிந்துகொண்டாள். "தெரிஞ்சுதான்டி. டப்பாவ நான்தான் தள்ளிவிட்டேன். உள்ள வால்நட் இருக்கும், எனக்குத்தான் ஆகாதேன்னு..."

"பள்ளிக்கூடத்துல உன் வாய் வீங்கினப்போ ஐஸ் வெச்சுப் பிடிச்சது யாரு?"

"நீதான்."

"அப்புறம் உனக்கு நான் வால்நட்டா வெப்பேன்? பேரீச்சம்பழம்டி. உனக்குன்னு தனியாப் பண்ணேன்."

பெர்லாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது. "என்னை மன்னிச்சிருடி."

"நோன்பு முடியட்டும், பாப்போம்," என்று எஸ்ட்ரெயா கதவைச் சாத்தினாள்.

மறுநாள் முழுக்கப் பட்டினி, பிரார்த்தனை. நெஞ்சில் தட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து, ‘நாங்கள் ஏமாற்றினோம், நாங்கள் பொய் சொன்னோம்’ என்றார்கள். அத்தனை பேர் குரலுக்குள் மறைந்துகொள்ள வசதியான வார்த்தை அந்த ‘நாங்கள்’. அதைச் சொல்ல பெர்லாவுக்கு வாய் வரவில்லை. நான், நான் என்றே முணுமுணுத்தாள்.

இருட்டியதும் கடைசிக் கொம்பொலி அடங்கியது. கூட்டம் காப்பியையும் கேக்கையும் நோக்கிப் பாய்ந்தது. ஓரமாக நின்ற பெர்லாவின் முன்னால் நசுங்கிய டப்பா ஒன்று நீண்டது.

"தின்னு," என்றாள் எஸ்ட்ரெயா.

பெர்லா ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

"சக்கரை சரியா இருக்கா?"

"சரியா இருக்குடி. ஏன் கேக்குற?"

"பூரிமுக்குப் பண்ணினேனே, அவரு போனப்புறம் அன்னிக்குத்தான் மொதல்ல அடுப்பப் பத்த வெச்சேன். நெனப்பு எங்கயோ இருந்துச்சு. சக்கரைக்குப் பதிலா உப்பப் போட்டுருக்கேன். டப்பா திரும்பி வந்தப்ப ஒண்ண வாயில வெச்சேன், தூன்னு துப்பிட்டேன். நல்லவேளை, நீ தின்னு தொலைக்கலன்னு சிரிப்பு தாங்கல. அத்தன நாள் கழிச்சு அன்னிக்குத்தான் சிரிச்சேன். உங்கிட்ட சொல்லிச் சிரிக்கலாம்னுதான் அன்னிக்கு ஓடி வந்தேன்." எஸ்ட்ரெயா டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீயோ, பிரமாதம்னு சொன்ன."

வாயிலிருந்ததைப் பெர்லாவால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அடைத்த வாயோடு, "மன்னிச்சிருடி," என்றாள்.

"இன்னொண்ணு எடுத்துக்க," என்றாள் எஸ்ட்ரெயா.