இரண்டாவது தடவை

ஹம்சாவுக்கு முதல் அதிர்ச்சி வாசலிலேயே காத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைப்பதற்குள், பிள்ளை விரும்பும் பெண் யூஜினின் அம்மா சிரித்த முகத்தோடு, "உங்களுக்கு என்ன வயது?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டாள். கல்யாணப் பேச்சில் பெண்ணின் வயதைக் கேட்பார்கள், சரி. பிள்ளையைப் பெற்றவளின் வயதை எந்த ஊரில் கேட்கிறார்கள்? ஹம்சா கூசாமல் இரண்டு வருடத்தைக் குறைத்து, ஐம்பத்தாறு என்றாள்.

"அம்மா, ரிலாக்ஸ்," என்று ஷ்ரேயஸ் காதருகே கிசுகிசுத்தான். "யார் எல்டர்னு அவங்களுக்குத் தெரியணும். இட்ஸ் நார்மல் ஃபார் கொரியன்ஸ்."

என்ன நார்மலோ! சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தால் அடுத்த கூத்து. அடை மாதிரி ஒன்றைத் தட்டில் போட்டு, அந்த அம்மாள் கத்திரிக்கோலால் நறுக் நறுக்கென்று வெட்டிக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில், சன்னிவேலில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவள்தான் ஹம்சா. ஆனாலும் தையல் டப்பாவில் இருக்க வேண்டியது சாப்பாட்டுத் தட்டில் புகுந்து விளையாடுவதை அவள் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைத்தாள்.

புன்னகைத்துத்தான் ஆக வேண்டும். யூஜினின் அப்பா ஹான் இந்தக் கல்யாணத்துக்கு இன்னும் சரி என்று சொல்லவில்லை. போன இலையுதிர் காலத்தில் அவருக்கு பைபாஸ் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவரிடம் அதைப் பற்றிப் பேசவே எல்லோரும் பயந்தார்கள். இன்றைக்கு அவர்களுடைய புத்தாண்டு. "அந்தப் பையனை வரச் சொல்" என்று அவரே வாய் திறந்து சொல்லியிருந்தார். ஷ்ரேயஸ் விழுந்து வணங்கி, அவர் ஆசி சொல்லிவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சொல்லாவிட்டால், அப்பாவை மீறி யூஜின் வர மாட்டாள். அதை அவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

விழுந்து வணங்குவது என்று கேட்டதும் ஹம்சாவுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அட, இது நம் சமாசாரம்! பெரியவர்களைச் சேவிக்க இவள் பிள்ளைக்கு யார் சொல்லித்தர வேண்டும்? யூஜின் என்னவோ ஒரு வாரமாக அவனை ஆட்டிவைத்திருந்தாள். வலது கைமேல் இடது கை, முதலில் எந்த முழங்கால், நெற்றி எவ்வளவு தாழ வேண்டும் என்று ஒன்று விடாமல் பயிற்சி.

கூடத்தில் மெத்தை விரித்து ஹானும் மனைவியும் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்கள். ஷ்ரேயஸ் கை கோத்து, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தான். அத்தனை அழகு. ஹானின் இறுகிய முகம் மெல்ல இளகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

ஹம்சாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே ஒரு குறையும் உறுத்தியது. அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை, வளர்ப்பு சரியில்லை என்று ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது. "என்னடா, ஒரு தடவையோட நிறுத்தற? அரைகுறையா இருக்கு. இன்னொரு தடவை சேவி," என்று தமிழில் அதட்டினாள்.

அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை. மறுபடி விழுந்தான்.

யூஜினின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அலறினாள். "நோ, நோ, நோ!" என்று யூஜின் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். ஹானின் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது. அவர் கை தானாகச் சட்டைக்கு மேலே, நெஞ்சில் தையல் போட்ட இடத்துக்குப் போயிற்று.

ஹம்சாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா ஆச்சு?"

யூஜின் வெளுத்துப்போயிருந்தாள். "ஆன்ட்டி, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு தடவைதான்," என்றாள் ஆங்கிலத்தில். "இரண்டு தடவை, இறந்தவர்களுக்கு. இது எனக்குச் சொல்லவே தோன்றவில்லை."

ஹம்சா தலையில் அடித்துக்கொண்டாள். பெருமாளே, என்ன காரியம் பண்ணினேன்! நெஞ்சைப் பிளந்து தைத்துப் பிழைத்துவந்த மனுஷரை, நல்ல நாளும் அதுவுமாக, பெற்ற பிள்ளையைக் கொண்டே பிணமாக்கிவிட்டேனே!

"அவன் மேல தப்பில்ல. நான்தான் சொன்னேன்," என்று தமிழில் ஆரம்பித்து, பதறி ஆங்கிலத்துக்கு மாறினாள். "எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு இரண்டு தடவை. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் இவன் எனக்கே அப்படித்தான் செய்வான். நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்."

யூஜின் கொரிய மொழியில் சொன்னாள். ஹானின் கை நெஞ்சை விட்டு இறங்கவில்லை. அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஷ்ரேயஸ் தலை நிமிரவே இல்லை. அவன் பின்கழுத்து சிவந்திருந்ததைப் பார்க்க ஹம்சாவுக்குத் தாங்கவில்லை.

பிள்ளையைப் பெற்றவள் பெண் வீட்டாரின் காலில் விழுவதா? அவள் வீட்டுப் பரம்பரையிலேயே கிடையாது. நாத்தனார் கேள்விப்பட்டால் வருஷக்கணக்கில் சொல்லிக்காட்டுவாள். போகட்டும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வலிக்கிற முழங்காலை மடக்கி, ஹம்சா ஹானுக்கு முன்னால் விழுந்தாள்.

எதிரே துணி சரசரத்தது. நெற்றி தரையில் இருக்க, ஓரக்கண்ணால் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹான் மெத்தையை விட்டு இறங்கி, ஒரு கையை நெஞ்சில் அணைத்தபடி மெதுவாகக் குனிந்து, அவளுக்கு எதிராகத் தன் நெற்றியையும் தரையில் வைத்திருந்தார்.

"ஐயோ, அவர் எதுக்கு என்னை... யூஜின், எழுந்துக்கச் சொல்லும்மா!"

யூஜின் அழுதுகொண்டே சிரித்தாள். "இருக்கட்டும் ஆன்ட்டி. சம்பந்திகள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் வணங்குவார்கள்."

ஹம்சா தட்டுத்தடுமாறி எழுந்தாள். கண்ணீர் மறைத்ததில் எதிரே எதுவும் தெரியவில்லை. பழக்க தோஷம், முழங்கால் மறுபடி மடங்கியது.

நாலு பேரும் பாய்ந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.