லாக்ல ஒண்ணுமே இல்ல

"லாக்ல ஒண்ணுமே இல்ல. அனுப்பியிருந்தா ஒரு வரியாவது இருக்கும்ல?" என்று பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் வாய் கூசாமல் சொன்னவன் நான்தான். இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கணினிகள் என் பொறுப்பு. யார், எத்தனை மணிக்கு, எந்த அறிக்கையை அனுப்பினார்கள் என்று கணினி தானாகவே குறித்து வைப்பதுதான் லாக்.

மாட்டிக்கொண்டவர் பரிசோதகர் அக்கா. பத்தொன்பது வருட அனுபவம். ஒரு நோயாளியின் அறிக்கை மருத்துவருக்குப் போய்ச் சேராததால் அறுவை சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. "பதினோரு மணிக்கே அனுப்பிட்டேன் தம்பி. ஸ்கிரீன்ல வந்துச்சே" என்றார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். மேலாளர் அவரைப் பரிசோதனை மேசையிலிருந்து எடுத்து, குழாய்களுக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை வேறு எதையோ சரிபார்க்க நானே ஒரு சோதனை அறிக்கை அனுப்பினேன். 'அனுப்பப்பட்டது' என்று திரையில் வந்தது. லாக்கில் என் வரியைக் காணோம். மேலே தேடிப் பார்த்தேன். நான் புது இயங்குதளம் நிறுவிய சனிக்கிழமையிலிருந்து யாருடைய வரியுமே இல்லை. லாக் ஃபோல்டர் கணினி நிர்வாகிக் கணக்கின் பெயரில் கிடந்தது; அதில் எழுத அறிக்கை மென்பொருளுக்கு அனுமதி இல்லை. அந்த அனுமதியைக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். கூட்டத்துக்கு முன்னால் அக்காவின் பெயரை மட்டும் தட்டித் தேடினேன், இல்லை என்றது, அதோடு மூடிவிட்டேன். பெரிய புத்திசாலி!

ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். அரை நிமிடத்தில் சரியாகிவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை, அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் சேர்த்துத்தான் இப்போது கூனிக் குறுகுகிறேன்.

பக்கத்துச் சின்ன அறையில் அக்கா தனியாக லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அன்னிக்கு நீங்க அனுப்பினீங்களா இல்லையான்னு இனிமே எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாதுக்கா. தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க."

அவர் கை நிற்கவில்லை. இன்னும் இரண்டு குழாய்களை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பன்னெண்டு பேரு முன்னாடி சொன்னீங்க. இப்ப கதவச் சாத்திட்டு என்கிட்ட மட்டும் சொல்றீங்களே தம்பி."

உள்ளே வந்ததும் நான் கதவைச் சாத்தியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.