டீ நேரத்தில் நின்ற பெஞ்ச்

"நெட்வொர்க் ஸ்லோவா இருக்குது சார்" என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். 2008-ல் ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தாலும் நெட்வொர்க்கைத்தான் திட்டுவார்கள். அதனால் யார் கேட்டாலும் 'நெட்வொர்க்கில் குறை இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிடுவது என் வழக்கம். அப்படி எழுதிய ஒரு தாளை வைத்துத்தான் நான் சொல்லப்போகும் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பு டெஸ்ட் பெஞ்சில் இருந்த இருளாயியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

பெஞ்ச் வேலை இதுதான். ஒவ்வொரு பாகத்தையும் அதில் மாட்டி அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வருகிற அளவு கேபிள் வழியாக ஆபீஸ் கட்டடத்தில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போய்ப் பதிவாகும். பத்து விநாடிக்குள் அங்கிருந்து பதில் வராவிட்டால் பெஞ்ச் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். பதிவில்லாத பாகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கழிவுக் கூடைக்குத்தான் போகும்.

ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் பாஸ்கரன் என் அறைக்கு வந்தார். இருளாயிக்குப் பின் பெஞ்சுக்கு வந்த சம்பங்கி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"டீ நேரம் வந்தா இந்தம்மாவுக்கு வேலையில கவனம் இருக்கறதில்ல சார். ஸ்க்ரீனப் பாக்காம பட்டன அமுக்கறாங்க, பெஞ்சு நின்னுடுது. சனிக்கிழமையோட நிறுத்திடலாம்னு இருக்கேன். நெட்வொர்க் சரியா இருக்குதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாருங்க சார்" என்று சம்பங்கி ஓர் அட்டையை மேஜை மேல் வைத்தாள். கார்ட்டன் பெட்டியிலிருந்து கிழித்தது. ஆறு நாட்களாக பெஞ்ச் எத்தனை மணிக்கு நின்றது, எப்போது மறுபடி ஓடியது, எத்தனை பாகம் வீணானது என்று வரிசையாக எழுதியிருந்தாள். காலை 10.12. மாலை 3.32. எல்லா நாளும் ஏறக்குறைய அதே நேரம், ஒவ்வொரு தடவையும் ஒன்பது நிமிஷம்.

"யார் எழுதச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. இருளாயி அக்காவ நிறுத்தினப்பவே தெரியும், அடுத்தது நாந்தான்னு." பிறகு பாஸ்கரன் பக்கம் திரும்பினாள். "எனக்கு டீ பதினொரு மணிக்குதாங்க. பத்தேகாலுக்கு டீ குடிக்கறது மாடியில இருக்கற டிசைன்காரங்க."

நான் பேனாவை மூடினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கே, பெஞ்ச் இருக்கும் ஷெட்டின் மாடிக்குப் போய் நின்றேன். பத்து பத்துக்கு டிசைன் பிரிவு ராஜ்குமாரும் இன்னும் நாலு பேரும் அன்றைய வரைபடங்களை ஆபீஸ் சர்வருக்கு காப்பி போட்டுவிட்டு எழுந்தார்கள். "டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள ஏறிடும் சார்" என்றார் ராஜ்குமார். ஐந்து பேரின் வரைபடங்களும் ஷெட்டிலிருந்து ஆபீஸுக்குப் போகும் ஒரே கேபிளில் முண்டியடித்துப் போக, பெஞ்சிலிருந்து கிளம்பிய சின்ன அளவு பின்னால் மாட்டிக்கொண்டது. கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. அதற்கு முன்பெல்லாம் புகார் வந்து நான் ஆடி அசைந்து பார்க்கப் போனது பத்தரைக்கு மேல்தான். அதற்குள் கேபிளில் கூட்டம் கலைந்திருக்கும்.

ஷெட்டின் கேபிள்களை ஒன்றுசேர்த்து ஆபீஸுக்கு அனுப்பும் நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியில் எதை முதலில் அனுப்புவது என்று சொல்லி வைக்க எட்டு வரிசைகள் உண்டு. வாங்கிய நாளிலிருந்து எல்லாமே ஒரே வரிசையில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. பெஞ்சிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போவது முதலில், வரைபடங்கள் பிறகு என்று மாற்றிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று பாஸ்கரனிடம் பெருமையாகச் சொன்னேன்.

புதன்கிழமை சம்பங்கி மறுபடி அட்டையோடு வந்தாள். "நின்னுச்சுங்க சார். ஆனா ரெண்டு நிமிஷந்தான்."

வேறு யாராவதாக இருந்தால் ஒன்பது நிமிஷம் இரண்டானதே பெரிது என்று விட்டிருப்பார்கள். நானும் விட்டிருப்பேன். அந்த இரண்டு நிமிஷத்தைத் தேடிப் போனதில் ஆபீஸ் சுவிட்ச் அகப்பட்டது. ஷெட் சுவிட்ச் குத்தி அனுப்பிய முன்னுரிமை முத்திரையை அது சட்டை செய்யவே இல்லை. அதிலும் சொல்லி வைத்தேன்.

வியாழனும் வெள்ளியும் டிசைன்காரர்கள் வழக்கம்போல வரைபடங்களைக் காப்பி போட்டுவிட்டு டீக்குப் போனார்கள். பெஞ்ச் நிற்கவில்லை. சம்பங்கி அதையும் எழுதியிருந்தாள்: '10.12, ஓடுகிறது. 3.32, ஓடுகிறது.' பதினைந்து வருஷ சர்வீஸில் இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட் எனக்கு வந்ததில்லை. அவள்மேல் பெரிய மரியாதை வந்தது.

வெள்ளி மாலை பாஸ்கரன் அவள் வேலையில் தொடரலாம் என்று சொல்லிவிட்டார். நல்ல செய்தியை நானே சொல்லலாம் என்று ஷெட்டுக்குப் போனேன்.

"சந்தோஷங்க சார்" என்றாள். கையில் இருந்த பாகத்தை மாட்டி, அளவு பதிவாகும்வரை காத்திருந்தாள். "இருளாயி அக்காவுக்கும் இதே பத்து பன்னண்டுதாங்க. அவங்க எழுதி வைக்கல, அவ்வளவுதான்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அறைக்கு வந்து தொழிற்சாலை மேனேஜர் சென்னகிருஷ்ணனுக்குக் கடிதம் எழுதினேன். 'இரண்டு மாதம் முன்பு நெட்வொர்க்கில் குறை இல்லை என்று நான் கொடுத்த கடிதம் தவறு. பெஞ்ச் நிற்கும் நேரத்தில் போய்ப் பார்க்காமலே எழுதினேன்.' இணைக்க அட்டையைக் கேட்டபோது சம்பங்கி தரவில்லை. "ஜெராக்ஸ் எடுத்துக்குங்க சார். இது எங்கிட்டயே இருக்கட்டும்."

பத்து நாள் கழித்து, சம்பங்கிக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட இரண்டாவது பெஞ்சுக்கு இருளாயி திரும்பி வந்தார். கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. காலை பத்தே காலுக்கு நான் போனபோது பெஞ்ச் ஓடிக்கொண்டிருந்தது. இருளாயி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த நேரத்துக்கு அன்னைக்கே வந்து பாத்திருக்கலாம்ல சார்" என்றார்.

"வந்திருக்கணும்மா" என்றேன். அவர் அடுத்த பாகத்தை எடுத்து மாட்டினார்.