பக்கத்து மூச்சு – இரண்டாம் சீசன்

"கட்!"

டைரக்டர் நாம்குங் மி-ஓக்கின் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. காலையிலிருந்து இதே காட்சிதான். வெளியே பாஜூ நகரத்து வெயிலில் பனி உருகிக்கொண்டிருந்தது. உள்ளே ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் மூடி நடுராத்திரியாக்கி வைத்திருந்தார்கள். கைவிடப்பட்ட பழைய விடுதி ஒன்றின் அறை அது. தரையைச் சூடேற்றும் பாய்லர் இரைகிறது என்று ஒலிப்பதிவாளர் அதையும் அணைக்கச் சொல்லிவிட்டார். மா சங்-உக்கின் பைஜாமாவுக்குள் முதுகில் ஒட்டியிருந்த சூட்டுப் பை எப்போதோ ஆறிப்போயிருந்தது.

பக்கத்தில் மல்லாந்து கிடந்த சோக் ஜூ-ஹா அறுத்துப் போட்ட பலகை மாதிரி விறைத்திருந்தான்.

"ஜூ-ஹா, நீ அவன் பக்கத்துல படுத்திருக்கே. ஆபரேஷன் டேபிள்ல இல்ல," என்றார் டைரக்டர்.

"மன்னிச்சுக்கங்க டைரக்டர்."

"மன்னிப்பு வேண்டாம்பா. தோளைத் தளர்த்து, அது போதும். எல்லாரும் வெளியே போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வாங்க."

'பக்கத்து மூச்சு' தொடரின் கதை ஒரு வரியில் அடங்கிவிடும். தூக்கமே வராத ஒருவன். அவனுடைய உயிர்த்துணை பக்கத்தில் படுத்தால் மட்டும் தூங்கிவிடுவான். அந்த உயிர்த்துணையும் ஓர் ஆண்பிள்ளை. முதல் சீசனைச் சின்னச் சின்ன அத்தியாயங்களாக, கிடைத்த காசில் எடுத்தார்கள். யாரும் எதிர்பாராமல் அது ஜப்பான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று பற்றிக்கொண்டது. தூங்காதவன் சங்-உக். அவனைத் தூங்க வைத்தவன் குக் தே-யூன். ரசிகைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துக் கூப்பிட்டார்கள்.

பிறகு தே-யூனை ஒரு பெரிய நிறுவனம் கொத்திக்கொண்டு போனது. இனி அவர் இந்த மாதிரி வேடங்களில் வரமாட்டார் என்று அறிக்கையும் விட்டது. சங்-உக் அதைச் சுரங்க ரயிலில் நின்றபடி கைபேசியில் படித்துத்தான் தெரிந்துகொண்டான். ஒரே அறையில் தங்கி ஒரே சட்டியில் ராம்யொன் நூடுல்ஸ் கிண்டித் தின்றவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறமும் பேசவில்லை.

இரண்டாம் சீசனில் பழைய உயிர்த்துணை திரும்பி வரவேமாட்டான் என்று கதையை மாற்றினார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்காரும் புது ஆளாக ஜூ-ஹாவைப் போட்டார்கள். கலைந்துபோன ஒரு பாட்டுக் குழுவிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். "ஒரு மனுஷனுக்கு எத்தனை உயிர்த்துணை?" என்று ரசிகைகள் கொதித்தார்கள். படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே ஜூ-ஹாவுக்குத் 'தூக்கத் திருடன்' என்று பட்டம் கிடைத்துவிட்டது.

யாரோடும் சண்டை போட சங்-உக்குக்குத் தெம்பில்லை. ஏப்ரலில் அவன் கட்டாய ராணுவச் சேவைக்காகப் பட்டாளத்துக்குப் போக வேண்டும். தள்ளித் தள்ளிப் போட்டு, இனித் தள்ள முடியாத வயதாகிவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பும்போது, முழுசாக முடிந்த தொடர் ஒன்று இருந்தால் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள். பாதியில் நின்றுபோனால் அவ்வளவுதான். இது முடிய வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

கம்பளிக் கோட்டை மேலே போர்த்திக்கொண்டு வெளியே வந்தவனை மேனேஜர் பியொன் சில்-சங் ஓடிவந்து மறித்தார்.

"டேய், காபி வண்டி வந்திருக்கு! யாரு அனுப்பினதுன்னு சொல்லு பார்ப்போம்."

"ரசிகைங்கதானே. அவங்களை விட்டா நமக்கு யாரு இருக்கா?"

"தப்பு. வந்து நீயே பாரு."

விடுதி வாசலில் இளஞ்சிவப்பு வண்டி நின்றது. மேலே நீளமாகப் பதாகை. அதில் சங்-உக்கும் தே-யூனும், முதல் சீசனில், ஒரே போர்வைக்குள். 'என் ஒரே உயிர்த்துணை சங்-உக் அண்ணனுக்கு. நல்லாத் தூங்குங்க. – தே-யூன்.'

சங்-உக் அதை இரண்டு தடவை படித்தான். இத்தனை மாதம் கழித்து ஒரு வார்த்தை. நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. தன் மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. ஒரு வண்டி காபிக்கா இப்படி?

விளக்குப் பிடிப்பவர்கள், ஒப்பனைப் பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கை விரல் விறைக்கிற குளிரில் அத்தனை பேரும் கேட்டது ஐஸ் காபிதான். ஒவ்வொரு கோப்பையைச் சுற்றியும் ஒரு காகித வளையம். அதிலும் அதே இரண்டு முகங்கள்.

"தம்பி, இப்படி வந்து நில்லு," என்றாள் அவன் கம்பெனியில் விளம்பரம் பார்க்கும் எம் உன்-பி. கையில் கைபேசி தயாராக இருந்தது. "கோப்பையைக் கன்னத்துக்குப் பக்கத்துல பிடி. பதாகை முழுசா தெரியணும். 'நன்றிடா தே-யூன், என் தூக்கமே நீதான்'னு ஒரு வரி போட்டு ஏத்திடு. இன்னைக்கு முழுக்க நம்ம பேச்சாத்தான் இருக்கும்."

படப்பிடிப்புக்கு யாராவது இப்படிக் காபி வண்டி அனுப்பினால், அதன் முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டே ஆக வேண்டும். குடித்துவிட்டுப் படம் போடாதவனைத் தொழிலில் யாரும் மன்னிக்கமாட்டார்கள்.

"முகத்துல மேக்கப் கலைஞ்சிருக்கு. அப்புறம் எடுக்கலாம்," என்றான் சங்-உக்.

அப்போதுதான் ஜூ-ஹா வெளியே வந்தான். பதாகையைப் பார்த்தான். வரிசையின் கடைசியில் போய் நின்றான். முறை வந்ததும் இரண்டு கைகளாலும் கோப்பையை வாங்கி, வண்டிக்காரம்மாவுக்குக் குனிந்து வணக்கம் சொன்னான். "தே-யூன் சீனியர்கிட்ட நன்றி சொன்னதாச் சொல்லுங்க," என்றும் சொன்னான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த முகங்களின் மேல் விரல் படாமல் கோப்பையை விளிம்பில் பிடித்துக்கொண்டு அவன் நடந்து போனதைத்தான் சங்-உக்கால் பார்க்க முடியவில்லை.

சங்-உக் விடுதியின் பின்பக்கம் போய்க் கைபேசியில் தே-யூனைக் கூப்பிட்டான்.

"அண்ணே! வண்டி வந்துடுச்சா?"

"வந்துச்சுடா."

"காபியோட சுரோஸ் பலகாரம் இருக்கா? அதைக் கண்டிப்பாப் போடச் சொன்னேன். உங்களுக்குப் பிடிக்குமே."

"இருக்கு. நல்லாயிருக்கியா?"

"எங்கண்ணே. தூங்கியே ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு ராத்திரி என்னோட தொடர் ஆரம்பிக்குது, தெரியுமில்ல?"

"தெரியாம என்ன? எந்த பஸ் ஸ்டாப்ல நின்னாலும் உன் மூஞ்சிதான்."

தே-யூன் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அந்தப் போட்டோவை ஆறு மணிக்குள்ள போட்டுட்டீங்கன்னா நல்லாயிருக்கும். எங்க ஆளுங்க பத்திரிகைங்களுக்கு ஏற்கெனவே சொல்லி வச்சிருக்காங்க."

சங்-உக் சுவரில் சாய்ந்துகொண்டான். "'பக்கத்து மூச்சு' பேரையே நீ நடிச்ச பட்டியல்லேருந்து உங்க ஆளுங்க தூக்கிட்டாங்களேடா. அப்புறம் அந்தப் போர்வைப் படம் எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க கம்பெனிதான் குடுத்துச்சாம். ரெண்டு பக்கமும் பேசித்தான்..." என்று இழுத்தான். "கோவமாண்ணே? உங்களுக்கு ஏதாவது அனுப்பணும்னு எனக்கும் இருந்துச்சு. சத்தியமா. ஆனா நானா அனுப்ப முடியாது. இப்படி வந்தாத்தான் விடுவாங்க."

அதில் எவ்வளவு உண்மை என்று தோண்டிப் பார்க்க சங்-உக்குக்குச் சக்தியில்லை. பாதியாவது இருக்கும் என்று வைத்துக்கொண்டான். "சரி, போய் வேலையைப் பாரு. முதல் நாள், பதறாதே," என்று சொல்லி வைத்துவிட்டான்.

திரும்பியபோது சில்-சங் எதிரில் நின்றார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"உன் புது உயிர்த்துணை பையைத் தூக்கிட்டு நம்ம வேன்ல போய் உட்கார்ந்திருக்கான். ஓடிப்போறவனுக்கு எந்த வேன்ல ஏறணும்னுகூடத் தெரியல."

ஜூ-ஹா பின்சீட்டில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தான். காபியைத் தொட்டிருக்கவில்லை. சங்-உக் ஏறி, கதவைச் சாத்தினான்.

"உங்க வேன்னு தெரியாதுண்ணே. எல்லாம் கறுப்பா ஒரே மாதிரி இருக்கு."

"பரவாயில்ல. ஹீட்டர் இதுலதான் நல்லா வேலை செய்யும். எங்க கிளம்பிட்டே?"

"வீட்டுக்கு. டைரக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குப் பயமாயிருக்கு." கண்ணுக்குக் கீழே பூசிய பவுடரையும் மீறிக் கருவளையம் தெரிந்தது. "தினமும் படிக்கறேண்ணே, அவங்க எழுதறதையெல்லாம். படிக்கக்கூடாதுன்னு படுக்கறேன். மறுபடி எடுத்துப் படிக்கறேன். என் மூக்கையும் தே-யூன் சீனியர் மூக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒருத்தி கோடெல்லாம் போட்டிருக்கா."

"யாரு ஜெயிச்சா?"

"அவர்தான்."

"அவன் மூக்கு ஆபரேஷன் பண்ணதுடா."

ஜூ-ஹா சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "அந்தப் போட்டோவைப் போடப்போறீங்களாண்ணே?"

சங்-உக் முன்பக்கம் எட்டி ஹீட்டரைக் கூட்டி வைத்தான்.

"போடுங்க, தப்பில்ல. உங்க இடத்துல நானா இருந்தாலும் போடுவேன். ஆனா அந்த ஒரு வரியை நீங்க எழுதிட்டீங்கன்னா, நாளைக்கு அந்தப் படுக்கைல நான் யாரு? திருடன்தான்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் அங்க வந்து என்னால படுக்க முடியாதுண்ணே."

வேனுக்குள் ஹீட்டர் உறுமியது. பையன் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். ஆறுதலாக நாலு வார்த்தை தேடினான் சங்-உக்.

"இதோ பாரு, உன்னைத் தேத்தற அளவுக்கு எனக்கு இப்ப தெம்பில்ல. எனக்கு இந்தத் தொடர் முடியணும். நீ இல்லாம முடியாது. அவ்வளவுதான். இங்கேயே இரு, வர்றேன்."

எம் உன்-பி வண்டிப் பக்கத்திலேயே காத்திருந்தாள்.

"படம் வேண்டாம்க்கா," என்றான்.

"என்னது?"

"போடல. வண்டி முன்னாடியும் நிக்கல."

"விளையாடறியா? அவன் வாங்கிக் குடுத்ததை அறுபது பேரு குடிச்சிருக்கோம். ஒரு நன்றிகூடச் சொல்லலைன்னா நாளைக்கு உன்னைத்தான் திட்டுவாங்க. தலைக்கனம்னு எழுதுவாங்க."

"எழுதட்டும்."

"கம்பெனித் தலைவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் தூங்கிட்டேன்னு சொல்லுங்க."

"நீ பட்டாளத்துக்குப் போற ஆளு தம்பி. போகும்போது நாலு பேரு அழணும். காறித் துப்பக்கூடாது."

அது அவனைக் குத்தியது. அவள் சொன்னதில் பொய் இல்லை. இருந்தாலும் அவன் கைபேசியை எடுத்து தே-யூனுக்கு எழுதினான்: 'காபி குடிச்சேன். சுரோஸ் நல்லா இருந்துச்சு. நன்றிடா. போட்டோ மட்டும் போடல. இங்க ஒரு பையன் இருக்கான்.' அனுப்பியதும் செய்திக்குப் பக்கத்தில் இருந்த '1' மறைந்தது. படித்துவிட்டான். பதில் வரவில்லை. வரும் என்று காத்திருக்கவும் சங்-உக்குக்குத் தோன்றவில்லை. கைபேசியைச் சில்-சங்கிடம் கொடுத்துவிட்டு, "ராத்திரி வரைக்கும் கேட்டாலும் தராதீங்கண்ணே," என்றான்.

வேன் கதவைத் திறந்து, "வா, படுக்கலாம்," என்று கூப்பிட்டான்.

"போட்டோ?"

"கிடையாது."

ஜூ-ஹா அவனையே பார்த்தான். அப்புறம் பையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினான்.

மறுபடி கறுப்புத் துணி, மறுபடி நடுராத்திரி. காட்சி இதுதான்: சங்-உக் கண்ணை மூடித் தூங்கிப்போக வேண்டும், ஜூ-ஹா விழித்திருந்து, தன்னால்தான் இவன் தூங்குகிறான் என்று முதல் தடவையாகப் புரிந்துகொண்டு அவனைப் பார்க்க வேண்டும். டைரக்டர் கையைக் காட்டினார். கேமரா ஓடத் தொடங்கியது.

சங்-உக் கண்ணை மூடி, மனதுக்குள் நொடிகளை எண்ணத் தொடங்கினான். பக்கத்தில் ஜூ-ஹா புரள வேண்டிய நேரம் வந்தது. அவன் புரளவில்லை. சொல்ல வேண்டிய வசனத்தையும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஏதோ கனமாகத் தோளில் சாய்ந்தது. சங்-உக் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

ஜூ-ஹா தூங்கிவிட்டான். நடிப்பில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. விறைத்திருந்த அந்தத் தோள், காலையிலிருந்து ஊரே கேட்டும் தளராத தோள், துணி மாதிரி தொங்கிக் கிடந்தது.

சங்-உக் டைரக்டரைப் பார்த்தான். அவர் 'கட்' சொல்லவில்லை. கேமராக்காரரின் முதுகில் கை வைத்து, நிறுத்தாதே என்று அழுத்தினார். சங்-உக் பையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போர்வையை மெல்ல இழுத்து அவன் கழுத்து வரைக்கும் மூடிவிட்டான். தான் தூங்க வேண்டிய காட்சியில் அவன் முழிப்பாகக் கிடந்தான்.

கடைசியில் டைரக்டர் கையால் வெட்டிக் காட்டினார். யாரும் விளக்கைப் போடவில்லை. அவர் குனிந்து தவழாத குறையாகப் படுக்கைப் பக்கம் வந்து, சங்-உக்கின் காதில் கிசுகிசுத்தார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. தூக்கக் கலக்கமா, வேறேதுமா தெரியவில்லை.

"ஒருத்தனுக்கு எப்படி ரெண்டு உயிர்த்துணைன்னு இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். கதையையே தலைகீழா எழுதியிருக்கேன்டா. உன்னைத் தூங்க வைக்க ஒருத்தன் இருந்தான், போயிட்டான். இவன் உன்னைத் தூங்க வைக்க வந்தவன் இல்ல. நீ தூங்க வைக்க வேண்டியவன். ராத்திரியே உட்கார்ந்து மாத்தி எழுதிடறேன்."

"அப்போ இந்த சீசன் முழுக்க நான் தூங்கவே மாட்டேனா?"

"மாட்டே."

"அப்புறம் எப்போதான் தூங்கறது?"

"பட்டாளத்துல. பத்து மணிக்கெல்லாம் விளக்கை அணைச்சுடுவாங்களாம். என் தம்பி சொல்வான்."

சங்-உக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் குலுங்கும் என்று அடக்கிக்கொண்டான். கதவுக்கு வெளியே எம் உன்-பி யாரிடமோ கைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜூ-ஹா சாய்ந்திருந்த பக்கம் சங்-உக்கின் கை மரத்துப்போகத் தொடங்கியிருந்தது.

"எழுப்பட்டுமா? அடுத்த ஷாட்டு இருக்கே," என்று உதவி டைரக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் விடுங்க," என்றான் சங்-உக். "அந்த பாய்லரை மட்டும் யாராவது போடுங்களேன்."