பதினான்காம் எண் அங்கி

இருநூறு பேருக்குக் கேக் செய்யப்போவது தான்தான் என்பது ஆலயத்தில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆயர் அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தார். "வரும் ஞாயிறு கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் வழங்கப்படும் கேக்கை நம் சபைச் செயலாளர் தம் இல்லத்திலேயே செய்து தருவதாக அன்புடன் ஒப்புக்கொண்டிருக்கிறார்."

செயலாளர் அவளுடைய கணவர். அவருக்கு முட்டை உடைக்கத் தெரியாது. உடைத்தால் பாதி ஓடும் சேர்ந்து விழும். அவர் ஆண்கள் பக்கம் பணிவாகத் தலை குனிந்தபடி இருந்தார். பக்கத்திலிருந்த அம்மாள் இவள் முழங்கையை இடித்து, "எப்படித்தான் சமாளிக்கிறியோ" என்றாள். சமாளிக்கிறேன் என்று இவள் எப்போது சொன்னாள்?

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள். "பேக்கரிக்காரர் இந்த வருஷம் முடியாதுன்னுட்டாரு. கமிட்டியில எல்லாரும் என் முகத்தையே பாத்தாங்க. என்ன பண்ணச் சொல்ற?" என்றார்.

"உங்க முகத்தைப் பாத்தாங்க, என் கையைக் குடுத்துட்டீங்க."

அவர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அந்த வாரம் அவளுக்கு வேறொரு வேலை இருந்தது. பதினோரு வருடமாகப் பாடகர் குழுவின் இரண்டாம் வரிசையில் நின்று பாடுகிறாள். அத்தனை நாளும் குரல் மற்றவர்கள் குரலுக்குள் கரைந்துதான் போனது. இந்த வருடம்தான் பாட்டு மாஸ்டர் முதன்முறையாகக் கிறிஸ்துமஸ் பாட்டின் மூன்றாம் சரணத்தை அவளுக்கென்று ஒதுக்கியிருந்தார். எட்டு வரி. குழு வாயை மூடிக்கொள்ளும், ஆர்கன் அடங்கும், அவள் மட்டும் பாடுவாள். ஒரு மாதமாகப் பாத்திரம் கழுவும்போதும் மிக்சி ஓடும்போதும் அந்த எட்டு வரியைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். ஆறாவது வரியில் குரல் மேலே ஏறவேண்டும். முதலில் அங்கே குரல் உடைந்தது. இப்போது உடைவதில்லை.

திங்கட்கிழமை திரைச்சீலைகளைக் கழற்றினாள், மின்விசிறிகளைத் துடைத்தாள், வாசலில் நட்சத்திரத்தைத் தொங்கவிட்டாள். நட்சத்திரத்துக்குள் பல்பு எரியவில்லை. மூன்று முறை ஏணியில் ஏறி இறங்கினாள். செயலாளர் கீழிருந்து, "கொஞ்சம் இடது பக்கம்" என்றார். செவ்வாய்க்கிழமை நாத்தனார் விடுமுறைக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு பெட்டியும் ஒரு முதுகுவலியும் கொண்டுவந்தாள்.

"அண்ணி, என்னை எதுக்கும் எதிர்பார்க்காதீங்க. டாக்டர் குனியவே கூடாதுன்னுட்டார்."

"உட்கார்ந்தபடி திராட்சை ஆயலாமே?"

"உட்காரவும் கூடாதாம்."

அவள் சோபாவில் படுத்துக்கொண்டு டிவி பார்த்தாள். இவள் ஐந்து கிலோ உலர்பழத்தைத் தனியாக நறுக்கி ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டாள். கட்டைவிரல் மரத்துப்போனது.

புதன்கிழமை பாடகர் அங்கிகள் வந்தன. ஒவ்வொரு டிசம்பரிலும் இருபத்துநான்கு வெள்ளை அங்கிகளையும் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுப்பது அவள்தான். கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் நீல நூலால் எண்களைத் தைத்ததும் அவள்தான். பதினான்கு அவளுடையது.

பதினான்காவது அங்கியை விரித்தாள். கழுத்தில் ஒரு துண்டுச்சீட்டு குத்தியிருந்தது. பாட்டு மாஸ்டரின் சாய்ந்த கையெழுத்து.

'ஆயர் மருமகளுக்கு. இடுப்பில் இரண்டு அங்குலம் பிடிக்கவும். சனிக்குள்.'

மறுபடி படித்தாள். தன் இடத்திலிருந்து தன்னை நீக்கிவிட்டு, அந்த இடத்தை அடுத்தவளுக்கு அளவாக்கித் தரும் வேலையையும் தன்னிடமே அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு அங்குலம் என்று அளவு வேறு.

தேய்ப்புப்பெட்டியை அணைத்துவிட்டுப் பாட்டு மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அது வந்து... உங்க வீட்டு ஐயாதான் ஞாயித்துக்கிழமையே சொன்னாரு. உங்களுக்குக் கேக் வேலை அதிகம், பாட முடியாதுன்னு. நீங்களே சந்தோஷமா விட்டுக்கொடுத்ததா சொன்னாரு."

"சந்தோஷமாவா?"

"அப்படித்தாம்மா சொன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாஸ்டர்? சீட்டு எழுதத் தெரியுது, போன் பண்ணத் தெரியலையா?"

மாஸ்டர் இருமிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

மாலையில் செயலாளர் வந்து சட்டை மாற்றும்வரைகூட அவள் பொறுக்கவில்லை. அங்கியைச் சீட்டோடு அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன். ரெண்டையும் எப்படி இழுப்ப? உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"ரெண்டுல எது என்னோடதுன்னு என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ பாட்டுன்னு சொல்லுவ. அதனாலதான் கேக்கல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சோபாவில் நாத்தனார் டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"சரி. பாட்டு என்னோடது. கேக் உங்களோடது. பழம் ஊறியிருக்கு. செய்முறை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கு. படிக்கத் தெரியுமில்ல?"

"விளையாடாத. பத்து தட்டு கேக்கு! சபை முன்னாடி என் மானம் போயிடும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. காப்பாத்திக்குங்க."

வியாழன் மாலை ஒத்திகைக்குப் போனாள். ஆயர் மருமகள் நடுவில் நின்று மூன்றாம் சரணம் பாடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மோசமாகப் பாடினால் நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாகத்தான் பாடினாள். இவளுக்கு எரிச்சல் கூடியது.

பாட்டு மாஸ்டர் ஆர்கனிலிருந்து கையை எடுத்தார். "அம்மா, வந்துட்டீங்களா... ஒண்ணு பண்ணலாமா, நாலு வரி நீங்க, நாலு வரி அவங்க..."

"கேக்கா மாஸ்டர், பாதிப் பாதி வெட்ட?"

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஆயர் மருமகள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கதான் முடியாதுன்னு சொன்னீங்கன்னு சொன்னாங்க."

"நான் சொல்லலம்மா. எனக்காக வேற ஆள் சொல்லியிருக்காங்க."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "என்கிட்டயும் கேக்கல அக்கா. மாமாதான் 'நீ பாடுற'ன்னாரு. மாஸ்டர், அக்காவுக்குக் குடுத்ததை அக்காகிட்டயே குடுங்க. நான் பின்னாடி நிக்கிறேன். அந்த அங்கியும் எனக்கு வேணாம்."

பாட்டு மாஸ்டர் ஆயரின் அறைக்கதவை ஒருமுறை பார்த்தார். அது மூடியிருந்தது. இவள் நகரவில்லை. கடைசியில் அவர் இவளுக்காகச் சுருதியை அழுத்தினார்.

வெள்ளியும் சனியும் அவள் அடுப்படிக்குள் கால் வைக்கவில்லை. கூடத்தில் அங்கிகளைத் தேய்த்தாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, வெள்ளைக்கருவை எதுவரைக்கும் அடிக்கணும்?"

"எழுதியிருக்கு."

"சர்க்கரை கருகுது, கறுப்பாவே இருக்கே?"

"எழுதியிருக்கு."

சனிக்கிழமை மதியத்துக்குள் நாத்தனாரின் முதுகுவலி எங்கோ போய்விட்டது. தலைமுடியில் மாவோடு வெளியே வந்தாள். "அண்ணி, பாவம் எங்கண்ணன். ஓவன்ல கையைச் சுட்டுக்கிட்டார்."

"களிம்பு அலமாரியில இருக்கு. இத்தனை வருஷத்துல நான் பதினேழு தடவை சுட்டுக்கிட்டேன். அப்ப நீங்க டிவி பாத்தீங்க."

கிறிஸ்துமஸ் காலையில் பத்துத் தட்டுக் கேக்கும் ஆலயம் போய்ச் சேர்ந்தது. அடிப்பாகம் கரி, நடுவில் பள்ளம். இவள் பதினான்காம் எண் அங்கியில் முன்வரிசையில் நின்றாள். பாட்டுக்கு முன் ஆயர் அறிவிப்புக்கு எழுந்தார்.

"நம் செயலாளர் இரண்டு நாள் உறங்காமல் தம் கையாலேயே இத்தனை பேருக்கும் கேக் செய்திருக்கிறார். ஓர் ஆண்மகன் அடுப்படியில் நின்று செய்த ஊழியம் இது!"

சபை கைதட்டியது. சாதாரணக் கைதட்டல் இல்லை, கூரை அதிர்ந்தது. செயலாளர் கட்டுப்போட்ட விரலோடு எழுந்து கும்பிட்டார்.

ஒன்பது வருடம் ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் செய்த கேக்கின் அடி ஒருநாளும் கருகியதில்லை. அதற்கெல்லாம் 'செயலாளர் குடும்பத்தாருக்கு நன்றி' என்று ஒரு வரி. கைதட்டல் ஒன்றுகூட இல்லை. அவள் இரு கைகளையும் அங்கியின் மடிப்பிலேயே வைத்திருந்தாள். கைதட்டல் ஓயும்வரை கணவரையே பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தார்.

பாட்டு தொடங்கியது. மூன்றாம் சரணத்தில் ஆர்கன் அடங்கியது. அவள் பாடினாள். ஆறாவது வரியில் குரல் உடையவில்லை. இனிமையாக இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது. கடைசி பெஞ்சு வரை கேட்டது, அது தெரியும். முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை. ஆராதனையில் பாட்டுக்குக் கைதட்டும் வழக்கமில்லை. கேக்குக்குத்தான் உண்டு போலிருக்கிறது.

வெளியே எல்லோரும் கரியைச் சுரண்டிவிட்டு, "ஐயா, பிரமாதம்" என்று தின்றுகொண்டிருந்தார்கள். பாடகர் அறையில் எப்போதும்போல அங்கிகளைக் கழற்றி அவள் நாற்காலியில் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள்தான் கொண்டுபோவாள், அவள்தான் துவைப்பாள்.

தன்னுடையதை மடித்துப் பைக்குள் வைத்தாள். மீதி இருபத்துமூன்றையும் அள்ளிப் பாட்டு மாஸ்டரின் நாற்காலியில் போட்டாள்.

"அம்மா, இதெல்லாம்...?"

"கஞ்சி எவ்வளவு போடணும்னு எழுதி அனுப்புறேன் மாஸ்டர். படிக்கத் தெரியுமில்ல?"