கடந்து போக மட்டும்

காலை பத்தேகாலுக்கு முதல் தடவை வந்தது. 'பெர்மிஷன் டினைட்.' திரையில் பச்சை எழுத்தில் இரண்டே வார்த்தை. பத்தரைக்கு மறுபடி. பத்தே முக்காலுக்கு மறுபடி. பதினொன்று அடிப்பதற்குள், அந்த ஏ.சி. அறையிலும் லிங்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"ஏற மாட்டேங்குது மேடம். ஃபைலைத் தொடவே விடல்ல, பாத்துக்கிடுங்க."

சூடாமணி நாற்காலியைத் திருப்பவில்லை. "எல்லாரும் படிக்கலாம்னு நேத்தைக்கே குடுத்துட்டேனேப்பா. நாகேஸ்வரன் எழுதி வச்சுட்டுப் போன மாதிரியேதான் பண்ணிருக்கேன்."

பண்ணியிருந்தாள், அதில் பொய்யில்லை. விழிஞ்ஞம் கரையில் கடல் வீட்டை எடுத்துக்கொண்டுபோன குடும்பங்கள் ஆயிரத்து நூற்று எண்பத்து நாலு. அத்தனை கணக்கெடுப்புத் தாளையும் சூடாமணியும் அவளுக்குக் கீழே இருந்த மூன்று பெண்களும் இரண்டு மாதமாக விரல் தேய அடித்து ஒரே ஃபைலாக்கி வைத்திருந்தார்கள். இன்றைக்கு அதை டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். ஏற்றி, பட்டியலை அச்சடித்து நாலு மணிக்குள் செக்ரட்டேரியட்டில் கொடுக்க வேண்டும். ஏற்றுகிற வேலை ஆபரேட்டர் லிங்கத்தினுடையது.

லிங்கத்துக்கு இன்றைக்கு இன்னொரு நாலு மணியும் இருந்தது. ஆறு மாசத் தற்காலிக ஆர்டர் இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு தீருகிறது. சீஃப் ராஜையன் சார் நேற்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "லிஸ்ட் வந்தா புது ஆர்டர்ல ஒப்பு போடுவேன். வரல்லேன்னா திங்கட்கிழமை நீ வராண்டாம்." அந்த மனுஷர் சொன்னால் சொன்னதுதான், கேட்டீர்களா. இரக்கம் கிரக்கம் எல்லாம் வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஆபீசுக்கு வருவார்.

சூடாமணிக்கு இதில் என்ன என்று கேட்டால், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பத்து நாளாகக் கம்ப்யூட்டருக்குள் அவள் ஒரு கடுதாசி அடித்து வைத்திருந்தாள். சீஃபுக்கு. 'தற்காலிக ஆபரேட்டர் லிங்கத்துக்கு வேலையில் கவனம் போதாது. அவர் ஆர்டரைப் புதுப்பிக்காமல் இருப்பது நல்லது. தகுதியுள்ள பட்டதாரி ஒருவர் என் பார்வையில் இருக்கிறார்.' பார்வையில் இருந்த பட்டதாரி அவள் அண்ணா பிள்ளை ஸ்ரீனிவாசன். பி.எஸ்ஸி. முடித்து மூன்று வருஷமாகக் கரமனை அக்ரஹாரத்தில் காலையும் மாலையும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மன்னி வந்து கண்ணைக் கசக்கிவிட்டுப் போன ராத்திரிக்கு மறுநாள் அடித்த கடுதாசி அது. அடித்தாளே தவிர அச்செடுக்கக் கை வரவில்லை. தினம் திறப்பாள், ஒரு வார்த்தையை மாற்றுவாள், மூடுவாள். கவனம் போதாது என்பது பச்சைப் பொய் என்று அவளுக்கே தெரியும். அந்தப் பையன் நேரம் தவறினதில்லை, ஒரு டேப்பைக் கைதவறிப் போட்டதில்லை.

லிங்கம் சும்மா இருக்கவில்லை. ஃபைல் பேரைத் திரும்ப அடித்தான். லாகினை விட்டு வெளியே வந்து திரும்ப உள்ளே போனான். கம்ப்யூட்டரோடு வந்த தடிப் புத்தகத்தை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். எல்லாவற்றையும் திறக்கிற சூப்பர் பாஸ்வேர்டு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற நாகேஸ்வரன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அவனோ தங்கை கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போய்விட்டான். கல்யாண வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்கு ட்ரங்க் கால் போட்டு, போனும் கையுமாக முக்கால் மணி நேரம் நின்றான் லிங்கம். "லைன் கிட்டல்ல" என்று வந்து உட்கார்ந்தான். ஃபைலைப் பொது இடத்துக்குக் காப்பி பண்ணிப் பார்க்கலாமென்றால், அங்கே ஒரு எலி நுழைய இடமில்லை, அத்தனையும் பழைய சர்வே.

ஒரு மணிக்கு அவன் கேன்டீனுக்குப் போனான். சூடாமணி தன் மேசையிலேயே தயிர்சாதத்தைத் திறந்தாள். பதினாறு வருஷமாக ஆபீஸ் தண்ணீர் ஒரு சொட்டு குடித்ததில்லை அவள். ஆத்திலிருந்து கூஜா, அதற்கென்று ஒரு டம்ளர். மற்றவர்கள் அந்த மேசைப் பக்கம் வந்தால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். வேண்டுமென்று செய்கிற கர்வமில்லை, பழக்கம். கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதற்குள் ஆளுக்கொரு அறை உண்டு, டைரக்டரி என்பார்கள். போன வருஷம் ஒரு பெண் தெரியாமல் இவள் அறைக்குள் நுழைந்து ஒரு ஃபைலை அழித்துத் தொலைத்ததிலிருந்து, சூடாமணி தன் அறையை மடியாக வைத்திருந்தாள். அவளைத் தவிர ஒரு குஞ்சு உள்ளே போக முடியாது.

இரண்டாவது வாய் சோறு உள்ளே போகவில்லை. அட ராமா, அறை பூட்டியிருக்கே!

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாப்பிடப் போயிருந்த பெண் ஒருத்தியின் டெர்மினலில் உட்கார்ந்து, அவள் பேரிலிருந்து அந்த ஃபைலைத் திறந்து பார்த்தாள். பெர்மிஷன் டினைட். அவ்வளவுதான் விஷயம். டேட்டாபேஸ் தனி ஆள், அதற்கென்று தனிப் பேர், தனி லாகின். அது நடந்துவந்து ஃபைலை எடுக்க வேண்டும். ஃபைலை ஊருக்கெல்லாம் திறந்து வைத்துவிட்டு, அது இருக்கிற அறையைச் சாத்தி வைத்திருக்கிறாள். நாகேஸ்வரன் இதை எழுதி வைக்கவில்லை. சூடாமணியின் அறையை உலகத்தில் யாராவது சாத்தி வைப்பார்களென்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

ஒரு வரி அடித்தால் தீர்ந்தது. ஆனால் அறையைத் திறந்தால் உள்ளே இருக்கிற பேரெல்லாம் தெரியும். கடுதாசிக்கு அவள் வைத்திருந்த பேர், வேறென்ன, லிங்கம்தான்.

கடுதாசியை அழித்துவிட்டுத் திறக்கலாமே? விரல் சாவிகளின்மேல் போய் நின்றது. அப்போதுதான் அந்தப் பாழும் எண்ணம் வந்தது. எதற்கு அழிக்க வேண்டும், எதற்குத் திறக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாலு மணிக்கு எல்லாம் தானாக முடிந்துவிடும். லிஸ்ட் வராது, லிங்கம் போய்விடுவான். கடுதாசி கொடுத்த பாவம்கூட வேண்டாம். திங்கட்கிழமை நாகேஸ்வரன் வந்ததும் ஏற்றிக்கொள்ளலாம், விழிஞ்ஞத்துக்காரர்கள் மூன்று நாள் தாமதத்தில் மூழ்கிவிடப் போவதில்லை.

இப்படி நினைத்துவிட்டு அவளால் ஒரு இடத்தில் உட்கார முடிந்ததா என்றால், இல்லை. கூஜாவைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள். வராந்தாவுக்குப் போனாள். கீழே பாளையம் பஸ் வந்தது, போனது, இன்னொன்று வந்தது. உள்ளே வந்து கடிகாரத்தைப் பார்த்தால் நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. மறுபடி வராந்தா. சனியனே, ஒரு வரிதானே, சொல்லித் தொலையேன் என்று ஒரு மனசு. ஸ்ரீனிவாசன் முகத்தைப் பார்த்தாயா என்று இன்னொன்று.

இரண்டரைக்கு ராஜையன் சார் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "என்னாச்சு லிங்கம்?"

"நோக்கிட்டிருக்கேன் சார்."

"நோக்கிட்டே இரு. மூணரைக்கு என் ஜீப் போகும்." சூடாமணி பக்கம் திரும்பினார். "உங்க பக்கத்தில எல்லாம் ஷரியா மாமி?"

"ஃபைலை நேத்தே குடுத்துட்டேன் சார்" என்றாள் சூடாமணி. சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. சார் போய்விட்டார். லிங்கம் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்துக்கொண்டான்.

மூன்று அடித்து ஐந்து நிமிஷத்துக்கு அவன் எழுந்து வந்தான். எல்லாரையும் போலக் கையைக் கட்டிக்கொண்டு மேசைக்கு இரண்டடி தள்ளி நின்றான்.

"மேடம், ஒண்ணு கேட்டா வருத்தப்படமாட்டீங்களே?"

"கேளேன்."

"எங்கம்மா, மாடம்மாள்னு பேரு, உங்க அக்ரஹாரத்துலதான் பாத்திரம் தேச்சா. பண்டிகைன்னா சோறு, பாயசம் எல்லாம் எடுத்து வச்சிருப்பாங்க. ஆனா அம்மா நடைக்குள்ள ஏறப்படாது. அவங்க கொண்டுவந்து கொல்லையில வக்கணும், இல்லேன்னா சோறு உள்ளயே இருக்கும், அம்மா வெளியவே நிப்பா. அதுமாதிரி ஆயிருக்குன்னு தோணுது. ஃபைலைத் தொறந்து வச்சிருக்கீங்க, அறை பூட்டியிருக்கு."

சூடாமணிக்குக் காது மடல் சுட்டது. "அறையைத் தொறந்தா... எல்லாரும் வந்து பாப்பாளே."

"பாக்காண்டாம் மேடம்." குரலைத் தாழ்த்தினான். "கடந்து போக மட்டும் வழி குடுக்கலாம். உள்ள என்ன என்ன இருக்குன்னு எட்டிப் பாக்க முடியாது. பேர் தெரிஞ்ச ஃபைல் ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வெளிய வந்துரலாம். புத்தகத்துல இருக்கு. எழுநூத்திப் பதினொண்ணுன்னு அடிச்சா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். காலையிலயே கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு..."

காலையிலேயே தெரியுமா? தெரிந்துகொண்டா இவன் ஐந்து மணி நேரம் புத்தகத்தைப் புரட்டினான்? தப்பாக எடுக்க இதில் என்ன இருக்கிறது என்று சூடாமணிக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவகாசமும் இல்லை. "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள். ஒருதரம் தப்பாயிற்று, மறுபடி அடித்தாள்.

லிங்கம் ஓடிப்போய்த் தன் டெர்மினலில் உட்கார்ந்தான். இந்தத் தடவை அந்த இரண்டு வார்த்தையும் வரவில்லை. ஒன்றும் வராமல் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. ஆறு நிமிஷம். பிறகு வந்தது எண்: ஆயிரத்து நூற்று எண்பத்து நாலு. மூன்று பெண்களும் கையைத் தட்டினார்கள். பிரின்டர் கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. மூன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லிங்கம் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி ஓடினான்.

அப்பாடா என்று மூச்சு விட்டாள் சூடாமணி. நிஜமாகவே விட்டாள், அதையும் சொல்ல வேண்டும். அண்ணா பிள்ளைக்கு வேறு வழி பார்க்கலாம். முதல் காரியமாகக் கடுதாசியை அழித்தாள். யாருக்கும் தெரியாமல் வந்தது, யாருக்கும் தெரியாமல் போயிற்று. பெண்கள் மூவரும் சாயாவுக்குக் கிளம்பிப் போனார்கள்.

அழித்த பிறகுதான் டேப் ஞாபகம் வந்தது. ஆபீஸ் லீவான சனிக்கிழமைதோறும் லிங்கம் மட்டும் வந்து எல்லா ஃபைலையும் டேப்பில் நகலெடுப்பான். அதற்கென்று நாகேஸ்வரன் செய்து கொடுத்த ஒரே ஒரு ஏற்பாடு, பட்டனைத் தட்டினால் போதும். ஃபைலுக்குள் பார்க்க முடியாது. ஆனால் என்னென்ன ஃபைல் ஏறியது என்று பேர்கள் மட்டும் வரிசையாக அச்சாகி வரும். அந்த வரிசையை அவன் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, பேருக்கு எதிரே பென்சிலால் டிக் போட்டு அலமாரியில் வைப்பான். சூடாமணி அலமாரியைத் திறந்து போன சனிக்கிழமைக் கட்டை எடுத்தாள். தன் பேருக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். விழிஞ்ஞம் ஒன்று, டிக். விழிஞ்ஞம் இரண்டு, டிக். லீவு லெட்டர், டிக்.

லிங்கம். டிக்.

மற்றதற்கெல்லாம் போட்ட அதே அளவு, அதே சாய்வு. கொஞ்சம்கூட அழுத்திப் போடவில்லை. ஆறு நாளாக இவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் தினம் காலையில் "குட் மார்னிங் மேடம்" சொன்னான். தெரிந்துகொண்டுதான் எட்டிப் பார்க்காண்டாம் என்றான். சூடாமணிக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

கதவு திறந்தது. சட்டைப் பையில் மடித்து வைத்த ஆர்டரோடு லிங்கம் நின்றான். அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தான். வந்து, மெல்ல அதை வாங்கி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான்.

"கையெழுத்துப் போட்டுட்டாரா?" என்றாள் சூடாமணி.

"ஆமா மேடம். இன்னும் ஆறு மாசம்."

"லிங்கம், நீ... அதைப் பாத்தியா?"

"பேரைத்தான் பாத்தேன் மேடம். உள்ள என்ன இருக்குன்னு பாக்க எனக்குப் பெர்மிஷன் இல்லியே." அவன் குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏத்துற வேலை முடிஞ்சாச்சு. இனி நீங்க அறையைப் பூட்டிக்கிடலாம்."

சூடாமணி தன் மேசைக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். பதினாறு வருஷத்தில் அங்கே யாரையும் உட்காரச் சொன்னதில்லை. "உக்காரு. என்ன எழுதினேன்னு நானே சொல்றேன்."

லிங்கம் நாற்காலியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்" என்றான்.